ஆண்டுக்கு 2,000 பவுண்டு: 1991 ஐடிவி உரிம ஏலம், ஒரு நிகழ்வு ஆய்வு

பர்மிங்ஹாம், நாட்டிங்ஹாம், லெஸ்டர் என்று தொழில் நகரங்கள் நிறைந்த மத்திய இங்கிலாந்து முழுவதற்கும் விளம்பரத் தொலைக்காட்சி நடத்தும் உரிமம் 1991-இல் ஏலத்துக்கு வந்தது. ஏற்கெனவே அங்கே இருந்த சென்ட்ரல் நிறுவனம் உறைக்குள் எழுதி வைத்த தொகை ஆண்டுக்கு 2,000 பவுண்டு. அதைவிட மக்கள்தொகை குறைந்த வடக்குப் பகுதிக்கு யார்க்‌ஷயர் நிறுவனம் எழுதியது 3 கோடியே 77 லட்சம் பவுண்டு. இரண்டு நிறுவனங்களும் தங்கள் இடத்தைத் தக்கவைத்துக்கொண்டன. ஒரே நாடு, ஒரே சட்டம், ஒரே நாளில் வந்த முடிவு.

சந்தைதான் சரியான விலையைச் சொல்லும் என்று நம்பி வைத்த ஏலம் இது. அப்படியானால் அந்த விலை எதை அளந்தது? எனக்குக் கிடைக்கும் விடை: எதிராளி யார், அவர் என்ன எழுதியிருப்பார் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இருந்த பயத்தை. பயந்தவர் கோடிகளில் எழுதினார், பயப்படக் காரணம் இல்லாதவர் ஆயிரத்தில் எழுதினார். பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் அடுத்த பத்தாண்டுகளுக்கு நடந்த பலவும் அந்த ஏற்றத்தாழ்விலிருந்து கிளம்பியவைதான்.

ஐடிவி என்ற கூட்டமைப்பு

1955 செப்டம்பர் 22 அன்று லண்டனில் தொடங்கிய பிரிட்டனின் விளம்பரத் தொலைக்காட்சியான ஐடிவி, பிபிசி போல ஒற்றை நிறுவனம் அல்ல. நாடு பல வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு தனி நிறுவனத்திடம் இருந்தது. மான்செஸ்டரில் கிரனாடா, நார்விச்சில் ஆங்கிலியா, வேல்ஸில் எச்டிவி. லண்டனில் இன்னும் வேடிக்கை: வார நாட்களுக்குத் தேம்ஸ், வெள்ளி மாலை முதல் ஞாயிறு வரை எல்டபிள்யூடி. எல்லோரும் சேர்ந்து நாடு முழுவதற்குமான நிகழ்ச்சிகளைத் தயாரித்தார்கள். செய்தியையும் உள்ளூர் விஷயங்களையும் அவரவர் பகுதிக்குத் தனியாகக் கொடுத்தார்கள். விளம்பர வருமானம் அவரவர் பகுதியிலிருந்து.

அந்த வருமானம் எப்படிப்பட்டது என்பதற்கு ராய் தாம்சன் சொன்ன ஒரு வரி போதும். 1957-இல் ஸ்காட்டிஷ் டெலிவிஷனைத் தொடங்கிய அந்தக் கனடாக்காரர், இது பணம் அச்சடிக்கக் கிடைத்த உரிமம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டார். அந்தச் சொல் ஐடிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டது.

அந்த உரிமத்தை யாருக்குக் கொடுப்பது என்பதை ஐபிஏ என்ற ஒழுங்குமுறை வாரியம் பூட்டிய அறைக்குள் முடிவு செய்தது. விண்ணப்பங்களைப் படிப்பார்கள், நேர்காணல் நடத்துவார்கள், பிறகு ஒருநாள் அறிவிப்பார்கள். காரணம் விரிவாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. 1980 டிசம்பர் இறுதியில் இப்படித்தான் சதர்ன், வெஸ்ட்வர்ட் என்ற இரண்டு பழைய நிறுவனங்கள் கழற்றிவிடப்பட்டு டிவிஎஸ், டிஎஸ்டபிள்யூ என்ற புதியவை வந்தன. தகுதி பார்த்துக் கொடுத்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். ஆள் பார்த்துக் கொடுத்தார்கள் என்று தோற்றவர்கள் சொன்னார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்திருக்கும்.

இந்த ஏற்பாடு பிரதமர் மார்கரெட் தாட்சருக்குப் பிடிக்கவில்லை. போட்டியே இல்லாமல் விளம்பரக் காசு கொட்டுகிறது, அதில் தொழிற்சங்கங்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சம்பளம் கேட்கின்றன என்பது அவருடைய கணக்கு. 1987-இல் தொலைக்காட்சித் துறைத் தலைவர்களை டவுனிங் தெருவுக்கு அழைத்து, தொழிற்சங்கக் கட்டுப்பாடுகளின் கடைசிக் கோட்டை நீங்கள்தான் என்று முகத்துக்கு நேராகவே சொன்னார். அதற்கு முந்தைய ஆண்டே ஒரு வழி கையில் கிடைத்திருந்தது. பிபிசியில் விளம்பரம் போடலாமா என்று ஆராய அமைக்கப்பட்ட பொருளியலாளர் ஆலன் பீகாக்கின் குழு, பிபிசியை அப்படியே விட்டுவிட்டு, ஐடிவி உரிமங்களை ஏலம் விடலாம் என்று பெரும்பான்மையாகப் பரிந்துரைத்தது. பிபிசியை நோக்கி எறிந்த கல் ஐடிவியின் கூரையில் விழுந்தது.

ஜிப்ரால்டர் விவகாரம்

1988 மார்ச்சில், ஸ்பெயினின் தெற்கு முனையில் உள்ள பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டரில், வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரிக்க ஆயுதம் ஏந்திய ஐஆர்ஏவின் உறுப்பினர்கள் மூவரைப் பிரிட்டிஷ் சிறப்புப் படை சுட்டுக் கொன்றது. மூவரும் அப்போது ஆயுதம் ஏந்தியிருக்கவில்லை. அடுத்த மாதம் 28-ஆம் தேதி, தேம்ஸ் நிறுவனம் ‘டெத் ஆன் த ராக்’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. எச்சரிக்கை கொடுக்காமலேயே சுட்டார்களா என்ற கேள்வியை நேரில் பார்த்த சாட்சிகளை வைத்து அது எழுப்பியது. மரண விசாரணை முடியும்வரை நிறுத்தி வையுங்கள் என்று வெளியுறவு அமைச்சர் ஜெஃப்ரி ஹவ் கேட்டார். அந்தக் காலச் சட்டப்படி ஒளிபரப்பாளர் தேம்ஸ் அல்ல, ஐபிஏ. நிறுத்த முடியாது என்று ஐபிஏ சொல்லிவிட்டது. தாட்சர் கொதித்தார். பின்னர் தேம்ஸே அமைத்த தனி விசாரணை, நிகழ்ச்சியில் சில குறைகளைச் சுட்டினாலும் மொத்தத்தில் அதற்கு ஆதரவாகவே முடிந்தது.

அதே ஆண்டு நவம்பரில் அரசின் வெள்ளை அறிக்கை வந்தது. ஐபிஏவைக் கலைப்பது, அதிகத் தொகைக்கு உரிமம் கொடுப்பது என்பவை அதில் இருந்தன. ஜிப்ரால்டர் நிகழ்ச்சிக்குப் பழிவாங்கத்தான் இந்த ஏலமே என்று இன்றைக்கும் பலர் சொல்வார்கள். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஏல யோசனை பீகாக் அறிக்கையில் 1986-லேயே இருந்தது. தேம்ஸ் தோற்றதற்கான காரணமும், கீழே வரும் தொகைகளைப் பார்த்தால், வேறு. ஐபிஏவைக் கலைக்கும் முடிவுக்கு அந்தக் கோபம் வேகம் கூட்டியிருக்கலாம் என்பதற்கு மேல் நான் போக மாட்டேன்.

விதிகள்

மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது அதிகத் தொகை எழுதியவருக்கே உரிமம் என்பதுதான் அடிப்படை. தொலைக்காட்சிக்காரர்கள் மிரண்டார்கள். கிரனாடா ஊழியர்கள் முன்னின்று தரத்துக்கான ஓர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். மைக்கேல் பாலின் போன்ற நகைச்சுவை நட்சத்திரங்கள் அமைச்சர் டேவிட் மெல்லரைப் பார்த்துப் பேசினார்கள். மெல்லர் இறங்கி வந்தார். புதிய ஒழுங்குமுறை அமைப்பான ஐடிசியின் தலைவர் ஜார்ஜ் ரஸ்ஸலும் பிடிவாதமாக நின்றார். முடிவில் மூன்று சல்லடைகள் வந்தன. முதலாவது, நிகழ்ச்சித் தரத்தில் தேர்ச்சி பெறாதவரின் பண உறையைக் கணக்கிலேயே எடுக்கக்கூடாது. அடுத்தது, எழுதிய தொகையைக் கட்டிக்கொண்டு பத்தாண்டு தாக்குப்பிடிக்க முடியும் என்று தொழில் திட்டத்தில் காட்ட வேண்டும். கடைசியாக, அசாதாரணச் சூழலில் குறைந்த தொகை எழுதியவருக்கும் கொடுக்கலாம் என்று ஒரு பிரிவு. இந்தக் கடைசிப் பிரிவை ஐடிசி அன்று தொடவே இல்லை. முதல் இரண்டை வைத்தே வேலையை முடித்துக்கொண்டது.

எழுதிய தொகையை ஒவ்வோர் ஆண்டும் கட்ட வேண்டும். விலைவாசி ஏறினால் அதுவும் ஏறும். அதற்கு மேல் விளம்பர வருமானத்தில் ஒரு சதவீதம் அரசுக்கு. பெரிய பகுதிகளுக்கு 11 சதவீதம், சிறியவற்றுக்குச் சுழியம். ஆக, சென்ட்ரல் 2,000 பவுண்டோடு தப்பித்துவிடவில்லை; வருமானப் பங்கு தனி.

நம் பக்கம் கண்மாய் மீன்பாசி ஏலம் ஊர் நடுவில் வாய்விட்டு நடக்கும். எதிராளி நின்றுவிட்டால் நாமும் நிற்கலாம். இங்கே எல்லாம் மூடிய உறை, ஒரே வாய்ப்பு. எதிராளி இருக்கிறாரா என்பதே சிலருக்குத் தெரியாது. இந்த ஒரு வேறுபாடு பின்னால் வந்த அத்தனை விபரீதத்துக்கும் போதுமானதாக இருந்தது.

சட்டத்துக்கு 1990 நவம்பர் 1 அன்று அரசி ஒப்புதல் கொடுத்தார். மறுநாளே ஸ்கை, பிஎஸ்பி என்ற இரண்டு செயற்கைக்கோள் நிறுவனங்களும் ஒன்றாக இணையும் அறிவிப்பு வந்தது. போட்டியை வளர்க்க வந்த சட்டத்தின் மை காய்வதற்குள், வானத்தில் இருந்த ஒரே போட்டி முடிந்துபோனது. அந்த மாத இறுதியில் தாட்சரும் பதவியில் இல்லை. அவர் பெற்ற சட்டத்தை அடுத்து வந்த ஜான் மேஜர் அரசு வளர்க்க வேண்டியதாயிற்று.

அந்தப் புதன்கிழமை

1991 மே 15 கடைசித் தேதி. 16 உரிமங்களுக்கு 40 விண்ணப்பங்கள். அக்டோபர் 16, புதன்கிழமை காலை, முடிவுகள் தொலைநகலில் போயின. நாடு முழுவதும் தலைமை அலுவலகங்களில் பெரிய பெரிய நிர்வாகிகள் தொலைநகல் இயந்திரத்தைச் சுற்றி நின்று, காகிதம் அங்குல அங்குலமாக வெளியே வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தொகைகளை வரிசையாகப் பார்த்தால் மூன்று விதமான ஆட்டம் தெரியும்.

எதிராளியே வரமாட்டார் என்று கணித்தவர்கள்: சென்ட்ரல் 2,000, ஸ்காட்டிஷ் டெலிவிஷனும் அதே 2,000, எல்லைப்புறத்துச் சிறிய பார்டர் 52,000. மூன்றுக்கும் போட்டி இல்லை. பணம் அச்சடிக்கும் உரிமம் என்று தாம்சன் வர்ணித்த அதே ஸ்காட்டிஷ் உரிமம், ஒரு பழைய காரின் விலைக்குப் போனது.

எதிராளி உண்டு, ஆனால் தரச் சல்லடையில் தங்கமாட்டார் என்று கணித்தவர்கள் அடுத்த வகை. ‘புரூக்சைட்’ தொடரை உருவாக்கிய ஃபில் ரெட்மண்டின் அணி, மான்செஸ்டர் பகுதிக்கு 3 கோடியே 53 லட்சம் எழுதியது. கிரனாடா எழுதியது 90 லட்சம்தான். கிரனாடாவே வென்றது. லண்டன் வார இறுதிக்கு எதிரணி 3 கோடியே 54 லட்சம். எல்டபிள்யூடி 76 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. வென்றது எல்டபிள்யூடி. கால்வாய்த் தீவுகளில் 1,02,000 எழுதியவரை விட்டு 1,000 பவுண்டு எழுதிய பழைய நிறுவனத்துக்கே உரிமம் போனது. இவர்கள் தைரியசாலிகள் என்பதைவிட, சல்லடையின் கண் எவ்வளவு சிறியது என்று சரியாக அளந்தவர்கள் என்று சொல்லலாம்.

மூன்றாவது வகை, தகுதியான எதிராளி வாசலில் நிற்கிறார் என்று தெரிந்தவர்கள். இவர்களுக்குத்தான் அடி.

தேம்ஸ் 3 கோடியே 28 லட்சம் எழுதியிருந்தது. மைக்கேல் கிரீனின் கார்ல்டன் 4 கோடியே 32 லட்சம். தொலைக்காட்சிப் பேட்டியாளர் டேவிட் ஃப்ராஸ்டும் வர்ஜின் நிறுவன அதிபர் ரிச்சர்ட் பிரான்சனும் சேர்ந்த அணி அதற்கும் மேலே 4 கோடியே 53 லட்சம். ஆனால் அது தரத்தில் தேறவில்லை. மீதி இருந்த இருவரில் ஒரு கோடிக்கு மேல் வித்தியாசம். 1968 முதல் லண்டனின் வார நாட்களைக் கையில் வைத்திருந்த, ஐடிவியின் மிகப் பெரிய தயாரிப்பு நிறுவனம் வெளியே போனது. இங்கே ஒரு பழைய கணக்கும் உண்டு. 1985-இல் இதே கார்ல்டன் தேம்ஸை விலைக்கு வாங்கப் பார்த்தது, ஐபிஏ தடுத்துவிட்டது. அன்று வாங்க முடியாத இடத்தை ஆறு ஆண்டு கழித்து ஓர் உறையால் பிடித்தார் கிரீன். அதுவும் தேம்ஸின் படப்பிடிப்பு அரங்குகளோ ஊழியர்களோ இல்லாமல். கார்ல்டன் சொந்தமாக அதிகம் தயாரிக்கப்போவதில்லை. வெளியாரிடம் நிகழ்ச்சி வாங்கிப் போடும் நிறுவனம். செலவு குறைவு என்பதால் ஏலத்தில் அதிகம் எழுத முடிந்தது. டெடிங்டனில் அரங்குகளைப் பராமரித்து, ஆயிரக்கணக்கான மணி நேர நிகழ்ச்சிகளை உருவாக்கிய செலவுதான் தேம்ஸின் கையைக் கட்டியது.

தெற்கே டிவிஎஸ் எழுதியது 5 கோடியே 98 லட்சம் பவுண்டு. அந்த ஏலத்திலேயே மிகப் பெரிய தொகை. 1988-இல் எம்டிஎம் என்ற அமெரிக்கத் தயாரிப்பு நிறுவனத்தைப் பெரும் விலைக்கு வாங்கி அது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தது. இந்தத் தொகையைக் கட்டி உங்களால் பிழைக்க முடியாது என்று ஐடிசி ஒதுக்கிவிட்டது. 3 கோடியே 65 லட்சம் எழுதிய மெரிடியன் வந்தது. தென்மேற்கில் டிஎஸ்டபிள்யூவுக்கும் இதே கதிதான்: 1 கோடியே 61 லட்சம் எழுதித் தோற்றது, அதில் பாதிகூட எழுதாத வெஸ்ட்கண்ட்ரி வென்றது. அதிகம் எழுதியதற்காகத் தோற்றோமா என்று டிஎஸ்டபிள்யூ நீதிமன்றம் போனது. அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை வரை சென்ற வழக்கு 1992 பிப்ரவரியில் அதற்கு எதிராக முடிந்தது.

டிஎஸ்டபிள்யூவிடம் கஸ் ஹனிபன் என்றொரு முயல் பொம்மை இருந்தது. 1960-களில் வெஸ்ட்வர்ட் காலத்திலிருந்தே அந்தப் பகுதிக் குழந்தைகளின் பிறந்தநாளை அறிவிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து வாழ்த்தும். வயதுக்கு ஏற்றபடி துள்ளும். ஆறு வயதென்றால் ஆறு துள்ளல். தாயும் பிள்ளையும் ஒரே முயலிடம் வாழ்த்து வாங்கிய குடும்பங்கள் டெவனிலும் கார்ன்வாலிலும் உண்டு. பிபிசி இதைச் செய்யாது, ஸ்கை செய்யவே செய்யாது. ஏல விண்ணப்பத்தில் இப்படிப்பட்ட ஒன்றுக்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது? 1992 இறுதியில் டிஎஸ்டபிள்யூவோடு கஸ்ஸும் விடைபெற்றது.

முட்டைக் கிண்ணக் கட்டடம்

காலை நேர உரிமம் தனி. அதை வைத்திருந்த டிவி-ஏஎம், லண்டன் கேம்டனில் கால்வாய் ஓரம், கூரை நெடுக வண்ண வண்ணமாகப் பெரிய முட்டைக் கிண்ணங்கள் வைத்த ஒரு கட்டடத்தில் இருந்தது. கட்டடக் கலைஞர் டெர்ரி ஃபேரலின் குறும்பு. 1983-இல் நிகழ்ச்சி தொடங்கியபோது யாரும் பார்க்காமல் மூழ்கப்போன நிறுவனம், ரோலண்ட் ராட் என்ற எலி பொம்மையால் கரையேறியது. ஆஸ்திரேலியாவின் முதல் தொலைக்காட்சி முகமான புரூஸ் கிஞ்செல் வந்து அதை லாபத்துக்குக் கொண்டுபோனார்.

1987 நவம்பரில் தொழில்நுட்ப ஊழியர்கள் ஒருநாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாள் திரும்பியபோது கிஞ்செல் கதவைத் திறக்கவில்லை. நிர்வாகிகளும் செயலாளர்களும் கேமரா பிடித்தார்கள்; நேரம் நிரப்பப் பழைய ‘பேட்மேன்’ ஓடியது. பார்வையாளர் குறைந்துபோகவில்லை. சில மாதத்தில் பழைய ஊழியர்கள் நிரந்தரமாக வெளியே. தாட்சர் கனவு கண்ட நிறுவனம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது டிவி-ஏஎம்: சங்கம் இல்லை, லாபம் உண்டு.

அந்த நிறுவனம் எழுதியது 1 கோடியே 41 லட்சம். சன்ரைஸ் என்ற எதிரணி 3 கோடியே 46 லட்சம். தரத்தில் இரண்டும் தேறின, பணம் பேசியது. தாட்சர் கிஞ்செலுக்குத் தன் கைப்பட எழுதினார்: மனம் உடைந்துபோனதாகவும், இந்தச் சட்டத்துக்குப் பொறுப்பு தான்தான் என்பதை வேதனையோடு உணர்வதாகவும். கிஞ்செல் அதைப் பலர் முன்னால் வாசித்துவிட்டார். மறுநாள் நாடே படித்தது. சட்டம் பிடிக்காத யாரும் இதைவிடக் கடுமையாக அதை விமர்சித்ததில்லை.

கணக்கு நேரானபோது

மொத்தம் 16 உரிமங்களில் அதிகத் தொகை எழுதியவருக்குப் போனவை சரியாகப் பாதி: எட்டு. அந்த எட்டிலும் மூன்று போட்டியே இல்லாதவை. ஏலம் என்று பெயர் வைத்த ஒன்றில் ஏலம் தீர்மானித்தது ஐந்து இடங்களை மட்டும்.

1993 ஜனவரி 1 முதல் புதிய உரிமங்கள் நடைமுறைக்கு வந்தன. யார்க்‌ஷயரும் வடகிழக்கின் டைன் டீஸும் ஒன்றாக இணைந்திருந்தன; இருவர் எழுதியதும் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 28 லட்சம் பவுண்டு தலையில். அந்த ஆண்டே விளம்பர நேரத்தை அளவுக்கு மீறி விற்றிருந்தது அம்பலமாகித் தலைவர் பதவி விலக நேர்ந்தது. சன்ரைஸ் பெயரை ஸ்கை எதிர்த்ததால் ஜிஎம்டிவி என்று பெயர் மாற்றிக்கொண்ட காலை நேர நிறுவனமும் தொடக்க ஆண்டுகளில் நஷ்டத்தில் தவித்தது. தொண்ணூறுகளின் இறுதியில் உரிமங்களைப் புதுப்பித்தபோது, பயத்தில் எழுதிய பெரிய தொகைகளை ஐடிசியே குறைக்க வேண்டிவந்தது.

குறைவாக எழுதியவர்கள் நிம்மதியாக இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. சென்ட்ரலின் பெட்டியில் பணம் நிறைந்திருந்தது. அதனாலேயே அது நல்ல இரையானது. 1993 இறுதியில் அரசு உடைமை விதிகளைத் தளர்த்தியவுடன் கார்ல்டன் அதைச் சுமார் 75 கோடி பவுண்டு மதிப்பில் விழுங்கியது. 2,000 பவுண்டு உரிமத்தின் உண்மையான விலை அப்போதுதான் தெரிந்தது. ஆனால் அந்தப் பணம் போனது பங்குதாரர்களுக்கு, கருவூலத்துக்கு அல்ல. 76 லட்சம்கூட எழுதாத எல்டபிள்யூடியை 1994-இல் கிரனாடா, நிர்வாகத்தின் எதிர்ப்பையும் மீறி வாங்கியது. எல்டபிள்யூடியின் கிரெக் டைக் போன்ற நிர்வாகிகள் தங்கள் பங்குகளால் கோடீஸ்வரர்களாக வெளியேறினார்கள். அதே ஆண்டு மெரிடியனின் உரிமையாளர்கள் ஆங்கிலியாவை வாங்கினார்கள்.

கிரனாடாவும் பழைய கிரனாடா இல்லை. உணவு ஒப்பந்தத் தொழிலிலிருந்து வந்த ஜெர்ரி ராபின்சன் 1992-இல் நீண்டகாலத் தலைவர் டேவிட் ப்ளவ்ரைட்டை வெளியேற்றினார். நடிகர் ஜான் கிளீஸ் ராபின்சனுக்கு அனுப்பிய தொலைநகல் பிரசித்தம்: திடீரென்று முளைத்த சமையல் ஒப்பந்தக்காரன் என்று திட்டி, அச்சில் ஏற்ற முடியாத ஒரு சொல்லையும் சேர்த்திருந்தார். ராபின்சன் அலட்டிக்கொள்ளவில்லை. அவருக்கு வேலை, பங்கு விலையை ஏற்றுவது.

இணைப்புகள் நிற்கவில்லை. 2002 அக்டோபரில் இங்கிலாந்துத் திரையில் பொது நிகழ்ச்சிகளுக்கு முன்னால் வட்டாரப் பெயர்கள் வருவது நின்றது. 2004 பிப்ரவரியில் கார்ல்டனும் கிரனாடாவும் சேர்ந்து ஐடிவி என்ற ஒரே நிறுவனமாயின. வட்டாரங்களாகப் பிரித்துக் கட்டப்பட்ட அமைப்பில் ஸ்காட்லாந்து, வட அயர்லாந்தின் அல்ஸ்டர், கால்வாய்த் தீவுகள் மட்டும் அப்போது தனியாக மிஞ்சின. அவற்றிலும் கடைசி இரண்டு பின்னர் அதே நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன.

தோற்ற தேம்ஸ் மட்டும் வேறு வழியில் போனது. உரிமம் போனபின் அது வெறும் தயாரிப்பு நிறுவனம். பிபிசியோடு சேர்ந்து பழைய நிகழ்ச்சிகளுக்காக யூகே கோல்ட் சேனலை 1992 நவம்பரில் தொடங்கியது. காவல் நிலையத் தொடரான ‘த பில்’லை ஐடிவிக்கே 2010 வரை தயாரித்து விற்றது. நிறுவனம் பலமுறை கைமாறிவிட்டது, ஆனாலும் ‘பிரிட்டன்ஸ் காட் டேலண்ட்’ நிகழ்ச்சியின் தயாரிப்பாளராகத் தேம்ஸ் பெயர் ஐடிவி திரையில் வந்திருக்கிறது. கார்ல்டன் பெயர் அந்தத் திரையிலிருந்து போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன.